மூடித் திறந்த காலம்: கடம்பத்தூரில் கேமரா போன், அன்றும் இன்றும்

2005 வாக்கில் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் யாராவது ஒரு மடக்கு போனை வெளியே எடுத்தால், பக்கத்தில் நிற்பவரின் கை தானாக நீளும். "குடு, பார்ப்போம்." வாங்கியவர் கட்டைவிரலால் மூடியைத் தள்ளித் திறப்பார், 'டப்'பென்று மூடுவார், காதருகே வைத்து இன்னொரு முறை மூடுவார். "லூஸ் ஆவாதா இது?" என்பது முதல் கேள்வி. "எவ்ளோ ஆச்சு?" என்பது இரண்டாவது. கேமரா இருக்கிறதா, படம் எப்படி விழும் என்பதெல்லாம் அதற்கும் பிறகுதான்.

அந்த வரிசைக்குக் காரணம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில் திருவள்ளூருக்கு அடுத்து ஏகாட்டூர், அதற்கடுத்து கடம்பத்தூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் நெல்வயல், செங்கல் சூளை, நடுநடுவே தொழிற்சாலைகள். பக்கத்து அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களைச் செய்துவந்தது. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் தொழிற்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு ஷிப்டில் இருந்த பகுதி இது. நாள் முழுக்கக் கதவின் கீலையும் போல்ட்டின் மரையையும் பார்க்கிறவர் கையில் எந்தப் பொருள் வந்தாலும், அது எங்கே தேயும், எங்கே விட்டுப்போகும் என்றுதான் கண் முதலில் தேடும். மடக்கு போனில் அந்த இடம் கீல்.

கீல் வைத்த போன் அப்போது உலகத்துக்கே புதுசு இல்லை. மோட்டோரோலாவின் ஸ்டார்டாக் 1996இலேயே வந்துவிட்டது. போனையும் கேமராவையும் சேர்த்த ஆரம்பகால முயற்சி ஒன்றிலும் அந்த ஸ்டார்டாக் இருந்தது என்பது ஒரு சுவையான செய்தி. 1997 ஜூனில் கலிபோர்னியாவின் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் காத்திருந்த மென்பொருள்காரர் ஃபிலிப் கான், ஒரு டிஜிட்டல் கேமராவையும் மடிக்கணினியையும் ஸ்டார்டாக்கையும் ஒயரால் இணைத்து, பிறந்த குழந்தையின் படத்தை அங்கிருந்தே தெரிந்தவர்களுக்கு அனுப்பிவிட்டார். 2000இல் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் போனுக்குள்ளேயே கேமராவை வைத்து விற்றது. 2002இல் சான்யோவின் கேமரா மடக்கு போன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 2004இல் வந்த மோட்டோரோலா ரேசர் வி3தான் மடக்கு போனை ஒரு மோகமாக ஆக்கியது. 13.9 மில்லிமீட்டர் கனம், அலுமினிய உடம்பு, ஒரே தகட்டில் வெட்டியது போல நீல ஒளி வீசும் பொத்தான்கள். உலகம் முழுக்க 13 கோடிக்கு மேல் விற்ற மாடல் அது.

கடம்பத்தூரில் அசல் ரேசரைக் கையில் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் கையில் இருந்தது சாம்சங், எல்ஜி, மோட்டோரோலாவிலேயே விலை குறைந்த மாடல்கள். பாதிக்கு மேல் செகண்ட்ஸ். மின்சார ரயிலேறி மூர் மார்க்கெட்டில் இறங்கினால் ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். இன்னும் கொஞ்சம் துணிந்தால் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார். பில் கிடையாது, வாரண்டி கிடையாது. "வாங்கற வரைக்கும்தான் நம்ம செட்டு, வாங்கினப்புறம் உன் செட்டு" என்பதுதான் அங்கே சட்டம். அதனால் வாங்குவதற்கு முன் விசாரிப்பது தவிர்க்க முடியாத வேலை. யாரிடம் விசாரிப்பது? ஏற்கெனவே வைத்திருப்பவரிடம். ஊரில் அந்த மாடல் ஒருவரிடம்தான் இருக்கும். அவர் சொன்னதே தீர்ப்பு. ஒரு போனைப் பற்றிய நல்ல பேரோ கெட்ட பேரோ ஒரே ஆளின் அனுபவத்திலிருந்து கிளம்பி, டீக்கடை வழியாக, ஷிப்ட் பஸ் வழியாக மூன்று ஊருக்குப் போய்ச் சேரும்.

அந்த உரிமையாளர்கள் என்ன சொன்னார்கள்?

பாராட்டில் முதலிடம் மூடிக்குத்தான். திறந்தால் கால் எடுத்தாச்சு, மூடினால் பேச்சு முடிஞ்சாச்சு. பொத்தானைத் தேட வேண்டாம். மூடியிருக்கும் வரை திரையில் கீறல் விழாது. சட்டைப் பையில் சில்லறையோடும் சாவியோடும் கிடந்தாலும் கவலை இல்லை. பொத்தான் தானாக அழுந்தி யாருக்கோ கால் போய் பேலன்ஸ் கரையாது. இது சின்ன விஷயமில்லை. உள்வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது 2003 மே மாதத்தில்தான். சென்னையும் மற்ற தமிழ்நாடும் 2005 வரை தனித்தனி உரிம வட்டங்கள். நாட்டில் எங்கே பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்ற பிஎஸ்என்எல் திட்டம் வந்தது 2006 மார்ச்சில். பத்து ரூபாய் ரீசார்ஜ் என்பது கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய பணமாக இருந்த காலத்தில், பேச்சு நிஜமாகவே முடிந்துவிட்டது என்று கைக்குத் தெரிவது பெரிய நிம்மதி.

அடுத்த பாராட்டு குரலுக்கு. மூடியைத் திறந்தால் போன் நீண்டு, காதிலிருந்து வாய் வரை வளைந்து உட்காரும். ஆலைச் சத்தத்திலும் ரயில் சத்தத்திலும் எதிராளி பேசுவது தெளிவாகக் கேட்கும் என்பார்கள்.

குறைகளின் பட்டியல் கொஞ்சம் நீளம். சார்ஜ் நிற்காது. ரேசரின் பேட்டரியே 680 மில்லி ஆம்பியர்-மணிதான். அடிக்கடி மூடியைத் திறந்து திரையை எரியவிட்டால் சாயங்காலத்துக்குள் கட்டை குறைந்துவிடும். பிளாஸ்டிக் மாடல்களின் கீல் ஒரு வருஷத்தில் ஆட ஆரம்பிக்கும். பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. "எங்க இருக்க" என்பதை ஆங்கில எழுத்தில், ஒரே பொத்தானை மூன்று தடவை தட்டித் தட்டி எழுத வேண்டும். நோக்கியா 1100 வைத்திருந்தவர் பக்கத்தில் நின்று சிரிப்பார்: "கீழ போட்டுப் பாரேன், யார் செட்டு பொழைக்குதுன்னு." டார்ச் லைட்டும் ரப்பர் கீபேடும் வைத்த அந்த போன்தான் ஊரின் அளவுகோல். மடக்கு போன் எதுவும் அந்தச் சோதனையில் தேறியதில்லை.

கேமராவைப் பற்றிய கருத்து இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவு சொந்தக்காரருக்கும் ஸ்டூடியோக்காரருக்கும் இடையில்.

அந்த போன்களின் கேமரா விஜிஏ ரகம். அகலத்தில் 640 புள்ளி, உயரத்தில் 480. பெருக்கினால் 3,07,200 புள்ளி. அதைப் பார்க்கும் திரையோ இன்னும் சின்னது, ரேசரில் 176க்கு 220. மூன்று லட்சம் புள்ளியை நாற்பதாயிரம் புள்ளிக்குள் சுருக்கிக் காட்டினால் எந்தப் படமும் பளிச்சென்றுதான் இருக்கும். அதனால் சொந்தக்காரர் கண்ணில் அது நல்ல கேமரா. வெயிலில், அசையாமல் நின்றால், குழந்தை முகம் அச்சாக விழுந்தது. ரேசரில் ஃப்ளாஷ் கிடையாது. ஆறு மணிக்கு மேல் எடுத்தால் கறுப்புத்தான். "பகல் கேமரா" என்று சொல்லிவிட்டு அதோடு வாழப் பழகிக்கொண்டார்கள்.

ஸ்டூடியோக்காரருக்கு அந்தப் படம் வேறு மாதிரி தெரிந்தது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் விஜிஏ படம் இரண்டேகால் அங்குல அகலத்தைக்கூடத் தொடாது. பாஸ்போர்ட் அளவுக்குப் போதும், சுவரில் மாட்ட முடியாது. வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் 36 படம் பிடிக்கும் ஃபிலிம் ரோலை எண்ணி எண்ணி எடுத்தவர்கள் அவர்கள்; போன் கேமராவை ஒரு போட்டியாகவே நினைக்கவில்லை. ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் அந்தச் சின்னப் படங்கள் அவர்கள் கடைக்கு வந்துகொண்டே இருந்தன. வீட்டில் ஒருவர் இறந்துபோனால், கல்யாணத்துக்கு எடுத்த பழைய படத்தைத் தவிர வேறு படமே இருக்காது. யாரோ போனில் எடுத்தது மட்டும் ஒன்று இருக்கும். அதைப் பெரிதாக்கி, பின்னணியை நீலமாக்கி, மாலை போட ஏற்றபடி சட்டம் போட்டுத் தர வேண்டும். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் சதுரம் சதுரமாக உடையும். ஸ்டூடியோக்காரர் மௌஸால் கண்ணையும் மீசையையும் திருத்தித் திருத்தி ஒரு ஆளை உண்டாக்குவார். அந்தக் காலத்துப் படங்கள் சில இன்றும் வீடுகளில் மாட்டியிருக்கின்றன. முகம் கொஞ்சம் வழுவழுவென்று, பொம்மை போல இருந்தால் அது விஜிஏ காலத்துப் படம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்டூடியோ வரை படத்தைக் கொண்டுபோவதே ஒரு பாடு. ரேசர் வி3இல் மெமரி கார்டு போட இடமில்லை. உள்ளே இருந்தது 5 எம்பி சொச்சம்தான். டேட்டா கேபிள் தனி, அதற்கு ஒரு சிடி தனி, அதைப் போடக் கம்ப்யூட்டர் தனி. எம்எம்எஸ் அனுப்பலாம், அதற்குக் கம்பெனியிலிருந்து செட்டிங்ஸ் வரவழைக்க வேண்டும், காசு வெட்டும், வாங்குகிறவர் போனும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ப்ளூடூத் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே எண்ணைத் தட்டி, கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் படம் பெரும்பாலும் எடுத்த போனிலேயே கிடந்தது. பார்க்க வேண்டுமானால் அந்த ஆளிடம் போக வேண்டும். போன் திருடுபோனால் படமும் போனது, விற்றால், வாங்கியவர் சிரித்துக்கொண்டே "இது யாருப்பா?" என்பார்.

அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு பயமும் இருந்தது. கேமரா போன் வைத்திருந்த பையன் பஸ் ஸ்டாண்டில் போனைத் தூக்கிப் பிடித்தாலே பெரியவர்கள் முறைப்பார்கள். 2004இல் டெல்லியில் பள்ளி மாணவர்கள் தொடர்பான ஒரு வீடியோ போனிலிருந்து போனுக்குப் பரவி நாடு முழுக்கப் பேச்சானபோது, இங்கேயும் கேமரா செட் என்றாலே சந்தேகம் ஒட்டிக்கொண்டது. தென்கொரியாவில் அந்த ஆண்டே, படம் எடுத்தால் சத்தம் கேட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. இந்தியாவில், ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதைக் குற்றமாக்கும் 66இ பிரிவு 2008இன் திருத்தத்தில் சேர்ந்து, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே வீடுகள் தங்கள் சட்டத்தைப் போட்டுவிட்டன: பெண்பிள்ளை கையில் கேமரா செட் வேண்டாம். போன் அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. அந்தக் காலத்து உரிமையாளர்களின் கருத்து என்று நாம் பேசும்போது, அது ஏறக்குறைய முழுக்க ஆண்களின் கருத்து என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கீலைப் பற்றி முதலில் கேட்டவர்களின் சந்தேகம் சரியாகவே இருந்தது. மடக்கு போன் பழுதாகும் விதம் ஏறத்தாழ ஒன்றே. கீழ்ப்பாதியில் இருக்கும் போர்டையும் மேல்மூடியில் இருக்கும் திரையையும் இணைப்பது காகிதம் போன்ற ஒரு நாடா. மெக்கானிக்குகள் அதை ஸ்ட்ரிப் என்பார்கள். மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது கீலுக்குள் வளைந்து நிமிரும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை என்றாலே வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். ஒருநாள் உள்ளே ஒரு கோடு விட்டுப்போகும்: மணி அடிக்கும், பேசலாம், திரை மட்டும் வெள்ளையாக நிற்கும். மூடியைப் பாதி திறந்தால் படம் வரும், முழுதாகத் திறந்தால் போய்விடும். சில பேர் அப்படியே பாதி திறந்து மாதக்கணக்கில் ஓட்டினார்கள். கடைக்குப் போனால் மெக்கானிக் கீலைக் கழற்றி, புது ஸ்ட்ரிப் கோத்து, ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார். "ஸ்ட்ரிப் கெடைக்குதா?" என்பதே செகண்ட்ஸ் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஆனது. ஸ்ட்ரிப் கிடைக்காத மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை போகாது.

பிறகு வந்தது சைனா செட். இரண்டு சிம், தெருவே அதிரும் ஸ்பீக்கர், ஆன்டெனா இழுத்தால் டிவி, மூடியில் பேர்பெற்ற கம்பெனிகளின் பெயரை ஓரெழுத்து மாற்றிப் போட்ட முத்திரை. அசல் மடக்கு போனின் விலையில் சிறு பங்குக்கு அதே உருவம். 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு, முறையான ஐஎம்இஐ எண் இல்லாத போன்களின் இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவு வந்தபோது பல வீடுகளில் மடக்கு போன் மோகம் முடிந்தது. அதற்குள் தொடுதிரையும் வந்துவிட்டது.

இதற்கிடையில் கடம்பத்தூருக்கும் போனுக்கும் இடையே வேறொரு உறவு தொடங்கியிருந்தது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடியாக வேலை செய்த இடம், பெரும்பகுதி இளம்பெண்கள். அதே 2006இல் மோட்டோரோலாவும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை போடத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. போனைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லப்பட்ட பெண்கள், ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் போன்களைத் தொட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். சம்பளத்தில் முதலில் வாங்கிய பொருள்களில் ஒன்று, தங்கள் பெயரில் ஒரு சிம். வரித் தகராறில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட, மைக்ரோசாஃப்டுக்கு நோக்கியா தன் போன் தொழிலை விற்றபோது அந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி அது மூடப்பட்டது.

இன்று மப்பேடு வழியாகச் சுங்குவார்சத்திரம் போகும் சாலையில் கம்பெனி பஸ்கள் மறுபடி வரிசையாக ஓடுகின்றன. அங்கே ஃபாக்ஸ்கான் ஆலை 2019 முதல் ஐபோன் செய்கிறது. நோக்கியாவின் பழைய வளாகத்தை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. அதிகத்தூர்ப் பக்கம் லான்சர் செய்த ஆலையில் இப்போது சிட்ரோன் கார். மடக்கு போனை ரிச்சி தெருவில் தேடிப் போன ஊருக்குப் பக்கத்திலிருந்து, உலகின் விலை உயர்ந்த போன்கள் கப்பலேறுகின்றன. இதில் ஒரு முரண்: 4.8 கோடிப் புள்ளி கேமராவைப் பூட்டி அனுப்பும் தொழிலில் பல ஆலைகளின் உள்ளே சொந்தக் கேமராவுக்கு இடமில்லை. வாசலில் போனை ஒப்படைக்க வேண்டும், அல்லது லென்ஸ் மேல் ஸ்டிக்கர்.

ஸ்டேஷனில் இப்போது போன் பிடித்திருக்கும் விதமே மாறிவிட்டது. காதில் வைத்திருப்பவர்கள் குறைவு. முகத்துக்கு நேரே பிடித்திருப்பவர்கள் அதிகம். சூளைக்கும் ஆலைக்கும் வந்த ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் சாயங்காலம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வீடியோ காலில் பிள்ளைக்கு ரயிலைக் காட்டுகிறார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா கணக்கு பார்ப்பது நின்றது; 2018 பிப்ரவரியில் ஏர்செல் திடீரென்று முடங்கியபோதுதான், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற ஓடிப் போய் வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, வாழ்க்கை எவ்வளவு தூரம் அந்த சிம்முக்குள் போய்விட்டது என்று தெரிந்தது. படத்துக்குப் பஞ்சமே இல்லாத இந்தக் காலத்தில்தான், கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட வேண்டி வந்தது.

மடக்கு போனும் திரும்பி வந்துவிட்டது. 2020இல் சாம்சங் இசட் ஃப்ளிப் இந்தியாவில் 1,09,999 ரூபாய்க்கும், ரேசர் என்ற அதே பெயரில் மடியும் திரையோடு மோட்டோரோலா 1,24,999 ரூபாய்க்கும் வந்தன. இந்த முறை கீலுக்குள் வளைவது ஸ்ட்ரிப் மட்டுமில்லை, திரையே வளைகிறது. இரண்டு லட்சம் தடவை மடிக்கலாம் என்று சாம்சங் சொன்னது. நாளைக்கு நூறு தடவை என்றால் ஐந்தரை வருஷக் கணக்கு. பழைய ஸ்ட்ரிப்புக்கு இப்படி ஒரு வாக்கை யாரும் கொடுத்ததில்லை. ஆனால் உள்திரையில் கோடு விழுந்தால் கடம்பத்தூர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். அங்கே சொல்லும் தொகைக்கு ஒரு நல்ல புது போனே வாங்கலாம்.

கருத்து சொல்லும் முறையும் தலைகீழ். அன்று ஒரு வருஷம் வைத்திருந்தவர்தான் பேசுவார். இன்று போன் கடைக்கு வருவதற்கு முன்பே தமிழில் விமர்சன வீடியோக்கள் வந்துவிடுகின்றன. அவற்றில் கேமராவுக்குத்தான் பாதி நேரம்: ராத்திரிப் படம், தூரப் படம், தோல் நிறம். பேசும்போது குரல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி வந்தால் அதிசயம். ஐந்தாம் வருஷம் அது என்ன ஆகும் என்பதை விமர்சகர் சொல்ல முடியாது. அவரிடம் போன் இருந்தது ஒரு வாரம். தவணையில் வாங்கியவருக்குத் தவணை முடிவதற்குள் அடுத்த மாடல் வந்துவிடுவதால், சொல்ல வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது.

நல்லதாக மாறியதை மறைக்க வேண்டியதில்லை. இறந்தவர் முகத்தை மௌஸால் வரைய வேண்டிய நிலை இன்று எந்த வீட்டுக்கும் இல்லை. பெண் கையில் போன் இருக்கிறது, பல வீடுகளில் அவள் செய்த போனே. தமிழில் எழுதலாம், எழுதத் தெரியாதவர் பேசி அனுப்பலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு மூடி போட்ட போனுக்காக ஏங்குவது வெறும் பாசாங்கு.

ஆனால் அன்றைய உரிமையாளர்கள் கேட்ட கேள்விகள் மட்டும் பழசாகவில்லை. எத்தனை வருஷம் தாங்கும்? எந்த இடத்தில் முதலில் விடும்? விட்டால் இங்கேயே யார் சரி செய்வார்கள்? சாமான் கிடைக்குமா? ஆயிரங்களில் விலை இருந்தபோது ஆலை ஃபிட்டர் ஒருவர் இந்த நாலையும் கேட்காமல் காசை எடுத்ததில்லை. லட்சத்தில் விலை இருக்கும்போது நாம் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதை. பதில் சொல்லக்கூடியவர்கள் தூரத்தில் இல்லை: திரையை உடம்போடு ஒட்டுகிற, ஸ்க்ரூவைத் திருகுகிற, தேறாததைத் தனியே எடுத்துவைக்கிற கைகள் காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு இதே மப்பேடு சாலையில்தான் நிற்கின்றன. கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.